கொசுறு

மலை மேல், ஒண்டிக்கடை முக்கிலிருந்து ஏரிப் பக்கம் இறங்கும் சாலையில், ஒரே ஷட்டருக்குள் இரண்டு வியாபாரம் நடக்கும் கடை நூர் முகமதுவுடையது. இடது பாதியில் ஹாரன், பனி விளக்கு, சீட் கவர் என்று வண்டிச் சாமான்கள். வலது பாதியில் அவர் மனைவி ஜமீலா மிளகும் காப்பித் தூளும் விற்பாள். சுற்றுலா வந்த புருஷன்காரன் இடது பக்கம் விளக்குக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கையில் பெண்டாட்டிக்காரி வலது பக்கம் மிளகை முகர்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் கடையை விட்டு இறங்க விடாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்தக் குடும்பத்தின் தொழில் ரகசியம்.

நூர் முகமதுவின் அத்தா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். விலையில் அசைய மாட்டார். வாங்க வந்தவர் முகம் சுருங்கினால் குடத்துக்குள் ஒரு கரண்டியைப் போட்டு மூடிக் கொடுத்துவிடுவார். குறைத்த விலையை ஊரெல்லாம் சொல்லித் திரிவார்கள், உள்ளே போட்ட கரண்டி வீட்டோடு கிடக்கும் என்பது அவர் எண்ணம். மகன் மலையேறி வந்து வேறு சரக்கு விற்றாலும் கை அதே கைதான். ஹாரன் வாங்கினவனுக்கு ஒரு சாவிக்கொத்து, சீட் கவர் போட்டவனுக்கு ஒரு வாசனை டப்பா. விற்ற பொருளுக்கு பில் உண்டு, கேள்வி உண்டு, திருப்பிக்கொண்டு வந்து மேசையில் வைத்துக் கத்துவதும் உண்டு. கொசுறுக்கு இது எதுவும் கிடையாது. அதை அதன் பெருமையாகவே அவர் நினைத்திருந்தார்.

கோடை விழாக் கூட்டம் மலையேறத் தொடங்கியிருந்த நாட்களில்தான் செம்மநத்தம் மாதேஷ் அந்த வண்டியைக் கடை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். கோயம்புத்தூரில் யாரோ ஓட்டிச் சலித்து விற்ற டர்போ டீசல் வண்டி, ஏழு பேர் உட்காரலாம். மாதேஷுக்குக் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, மேட்டுக்காட்டில் சாமை. அந்த வருமானத்தோடு மனைவி கலாவின் கழுத்தில் கிடந்ததும் சேர்ந்துதான் வண்டியாக நின்றது. ஓட்டுவது கலாவின் தம்பி சின்னராஜ். வெள்ளக்கடையில் பிறந்து வளர்ந்தவன், அக்காள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் வீட்டிலேயே தங்கிவிட்டவன்.

மீட்டர் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தது சின்னராஜ்தான். வண்டியின் சொந்த டேஷ்போர்டில் இன்ஜின் சூட்டுக்கென்று இருந்தது ஒரே ஒரு சிவப்பு விளக்கு. அதுவும் கோயம்புத்தூரிலேயே செத்துப்போய் வந்திருந்தது. டர்போ வண்டியை மலையில் குருட்டுத்தனமாக ஓட்டக் கூடாது, தனியாக மீட்டர் வைக்க வேண்டும் என்று போனில் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தான். மாதேஷுக்கு அதில் கொஞ்சமும் நம்பிக்கை இல்லை.

"ஏனுங்க பாய், வண்டியில ஏற்கெனவே ஒரு மீட்டரு இருக்குது. ஓடுதா நிக்குதான்னு அது சொல்லுது. இன்னும் மூணு எதுக்குங்க? இவன் வண்டி ஓட்டறானா, ஜோசியம் பாக்கறானா?"

"உங்களுக்குச் சொரம் வந்தா தொட்டுப் பாக்க அக்கா இருக்குது மாமா," என்றான் சின்னராஜ். "வண்டிக்கு யார் இருக்கறாங்க?"

பேரம் ஒரு மத்தியானம் முழுவதும் நடந்தது. மாதேஷ் மூன்று முறை கடையை விட்டு இறங்கிப் போய், மூன்று முறையும் டீ குடித்துவிட்டு வந்தான். நூர் முகமது விலையில் அசையவில்லை. கடைசியில், கொசுறாக என்ன தருவீர்கள் என்று மாதேஷ் கேட்டதற்கு, வேலை முடியட்டும், வேண்டியதைக் கேள் கண்ணு, பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவைத்தார். அந்த வாக்கை மாதேஷ் பத்திரமாக எடுத்துவைத்துக்கொண்டான்.

வேலையை நூர் முகமது ஒழுங்காகத்தான் செய்தார். அதை யாரும் குறை சொல்ல முடியாது. சாரல் அடித்துக்கொண்டிருந்ததால் கடை முன்னால் தார்ப்பாய் கட்டி, அதன் அடியில் வண்டியை நிறுத்தினார். ரேடியேட்டருக்குப் போகும் மேல் ரப்பர் குழாயை அறுத்து, நடுவில் ஒரு உலோக இணைப்பை வைத்து, அதன் வயிற்றில் சூட்டை அறியும் சென்சாரைத் திருகினார். ஆயில் அழுத்தத்துக்கு ஒன்று, டர்போ ஊதும் காற்றுக்கு ஒரு மெல்லிய குழாய். இன்ஜினுக்கும் டிரைவர் கால்மாட்டுக்கும் நடுவிலிருக்கும் தகரச் சுவரில் ஓட்டை போட்டு, வயரை உரசாமல் இருக்க ரப்பர் வளையம் வைத்து உள்ளே இழுத்தார். சின்னராஜ் உள்ளே மல்லாந்து படுத்துக்கொண்டு வயர் முனையைப் பிடித்து வாங்கினான். மத்தியானம் ஜமீலா கொடுத்த நெய்ச்சோற்றைத் தின்றுவிட்டு, எங்க அக்காளுக்கு இந்தப் பக்குவம் வராதுங்க, ஆனா இதை அங்க போய்ச் சொன்னா எனக்குச் சோறு வராதுங்க என்றான்.

கண்ணாடி ஓரத்துத் தூணில் மூன்று வட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்தன. சாவியைத் திருப்பியதும் மூன்று முட்களும் ஒருமுறை கடைசி வரை போய்விட்டுத் திரும்பி வந்து நின்றன. சின்னராஜ் சாவியை அணைத்து அணைத்துப் போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டரி இறங்கிடும் கண்ணு என்று நூர் முகமது சிரித்தார்.

பத்து நாள் இருக்கும். விழாக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு நின்ற ஒரு பகலில், மாதேஷ் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான். சின்னராஜ் ஏதோ சாவுக்கு வெள்ளக்கடை போயிருந்தான். பின் சீட்டில் ஒரு பெரிய பலாப்பழம் இருந்தது. கலா கொடுத்துவிட்டிருந்தாள். மாதேஷின் முகத்தில் பழம் கொண்டுவந்த களை இல்லை.

மேல் வளைவுகளில் வரும்போது சூட்டு மீட்டரின் முள் சிவப்புப் பக்கம் ஏறுகிறதாம். முந்தின நாள் பெங்களூர்க் குடும்பம் ஒன்று ஏறியிருந்தது. "முன்னாடி உக்காந்த அம்மா குரங்கைப் பாக்கலைங்க, பள்ளத்தைப் பாக்கலைங்க, முள்ளையே பாத்துக்கிட்டு வருதுங்க. பாதி மலையில நிறுத்து நிறுத்துன்னு எறங்கி வேற வண்டியில போயிட்டாங்க. சின்னராஜ் வேற, முள்ளு ஏறுனா ஓரங்கட்டி அரை மணி நேரம் நிக்கறான். இப்படி நின்னு நின்னு போனா மழைக்காலத்துலதான் மேல வந்து சேருவேன். மீட்டரு வெக்கற வரைக்கும் வண்டி நல்லாத்தானுங்க இருந்துச்சு."

வண்டி நன்றாக இல்லாததை மீட்டர் சொல்கிறது என்று நூர் முகமதுவுக்கு ஒரு கணம் தோன்றியது உண்மை. ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், போய்ப் பார் என்று சொல்லியிருக்கலாம். சென்சாரைக் கழற்றிச் சுடுதண்ணீரில் போட்டுச் சோதித்திருக்கலாம். ஆனால் அந்தச் சென்சார் மட்டமான சரக்காகவும் இருக்கலாம் என்று மனம் சொன்னது. மனம் அப்படிச் சொன்னால் வேலை மிச்சம். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவர்கள் காதில் விழும்படி ஒருவன் மீட்டர் சரியில்லை என்று பேசிக்கொண்டிருந்தான்.

"கழட்டி எடுத்துக்கங்க," என்றான் மாதேஷ். "இல்லாட்டி அந்த முள்ளை உக்காந்த எடத்துல உக்கார வைங்க. கொசுறு தர்றேன்னீங்கல்ல, அது எனக்கு இதான்."

நூர் முகமது மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ரெசிஸ்டரை எடுத்தார். நெல்மணியை விடக் கொஞ்சம் பெரிதாக, கம்பளிப்பூச்சி போல வரி போட்டு, இரண்டு பக்கமும் கம்பி முளைத்த உருப்படி. சென்சாரிலிருந்து வரும் வயரை வெட்டி, நடுவில் அதைப் பற்றவைத்து, கறுப்பு டேப்பைச் சுற்றினார். இனி இன்ஜின் எவ்வளவு கொதித்தாலும் மீட்டருக்குப் போய்ச் சேரும் சேதி பாதிதான். ஆக்சிலேட்டரை மிதித்துக் காட்டினார். முள் மெதுவாக ஏறி, நடுவில் வந்து, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை போல அடக்கமாக உட்கார்ந்துகொண்டது.

மாதேஷின் முகம் மலர்ந்தது. என்ன செய்தீர்கள் என்று அவன் கேட்கவில்லை. சரியாப் போச்சு, எடுத்துட்டுப் போ கண்ணு என்பதற்கு மேல் இவரும் எதுவும் சொல்லவில்லை. பலாப்பழத்தை இறக்கி வைத்துவிட்டுப் போனான். ஜமீலா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அதைப் பிளந்தபோது கடை முழுக்க மணந்தது. வந்த வாடிக்கைக்கெல்லாம் ஆளுக்கொரு சுளை கொடுத்தார் நூர் முகமது.

வெள்ளக்கடையிலிருந்து திரும்பிய சின்னராஜ் ஒரு நாள் வண்டியைக் கடையோரம் நிறுத்திவிட்டு வந்தான்.

"பாய், முள்ளு இப்பெல்லாம் ஏறவே மாட்டேங்குதுங்களே. என்னங்க பண்ணுனீங்க?"

"சென்சார் மாத்திட்டேன் கண்ணு. பழசு கோளாறு. இனி நம்பி ஓட்டு."

அவன் நம்பித்தான் ஓட்டினான்.

குப்பனூர் வழிச் சாலையில் அது நடந்தது. சேலம் ரயிலடியில் ஆட்களை இறக்கிவிட்டு, உர மூட்டை ஏற்றிக்கொண்டு தனியாக மேலே வந்துகொண்டிருந்தான். நல்ல வெயில். முன்பெல்லாம் முள் ஏறியதும் ஓரங்கட்டி வண்டியை ஆறவிடுகிற ஒரு திட்டு அந்தச் சாலையில் உண்டு. அன்று முள் நடுவில் இருந்தது, நிற்கவில்லை. அதற்கு மேல் இரண்டு வளைவு தாண்டியதும் பானெட்டுக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. இன்ஜின் ஒருமுறை இருமி, இறுகி, நின்றுபோனது. கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிட்டு அவன் மைல்கல் மேல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பால் வண்டிக்காரன்தான் மாதேஷுக்குச் சொன்னான்.

குப்பனூரில் ஸ்டெபின் என்பவனின் மெக்கானிக் ஷெட்டுக்குக் கட்டி இழுத்துப் போனார்கள். இன்ஜினின் தலை சூட்டில் வளைந்துவிட்டது, உள்ளேயும் பிடித்துக்கொண்டது, மறுபடி கட்டுவதென்றால் வண்டி வாங்கிய காசில் பாதி ஆகும் என்று அவன் சொன்னான். பிறகு அவன் கேட்ட கேள்வியில்தான் வினை பிடித்தது. முள் ஏறியதா என்று கேட்டான். நடுவில்தான் இருந்தது என்றான் சின்னராஜ். ஸ்டெபின் கையைத் துடைத்துக்கொண்டே நியாயம் சொன்னான். முள் நடுவில் இருந்து இன்ஜின் வெந்துபோயிருக்கிறதென்றால், தண்ணீரே இல்லாமல் ஓட்டியிருக்க வேண்டும். தண்ணீர் இருந்தால்தான் சென்சாருக்குச் சூடு தெரியும். வெறும் குழாயில் அதற்கு ஒன்றும் தெரியாது.

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வயரின் நடுவில் டேப் சுற்றிய இடம் ஒன்று இருப்பது அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

காலையில் தண்ணீர் ஊற்றினேன், குப்பனூர்க் குழாயடியிலும் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன் என்று சின்னராஜ் சொன்னான். யார் பார்த்தது என்றான் மாதேஷ். பேச்சு ஷெட்டிலிருந்து வீட்டுக்கு வந்தது, வீட்டிலிருந்து ஊருக்குப் போனது. போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவன், தண்ணீர் ஊற்ற எங்கே நேரம் என்று மாதேஷ் ஒரு வார்த்தை விட்டான். அக்காள் கழுத்து நகையைத் தின்றவன் என்று இன்னொரு வார்த்தையும் விட்டான். சின்னராஜ் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து, சேர்வராயன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்று சொல்லிவிட்டான். ஊர்க்கவுண்டர் ஞாயிற்றுக்கிழமை குறித்தார்.

இவ்வளவும் நூர் முகமதுவுக்கு வாடிக்கையாளர்கள் வாய்வழியாகச் சில்லறை சில்லறையாக வந்து சேர்ந்தது. ஸ்டெபினின் நியாயத்தைக் கேட்டபோது முதலில் அவருக்கு வந்தது நிம்மதி. அதை நினைத்துத்தான் பிறகு ரொம்ப நாள் வெட்கப்பட்டார். தண்ணீர் இல்லாமல் ஓட்டியிருந்தால் அது ரெசிஸ்டரின் குற்றமில்லை. ஓட்டியிருக்கலாமே, பையன்தானே, மறந்திருக்கலாமே. அப்படியே நினைத்துக்கொண்டு, பைக்கை எடுத்துக் குப்பனூருக்கு இறங்கினார். மீட்டரைச் சோதிக்க வேண்டும் என்று ஸ்டெபினிடம் சொல்லி, சென்சாரையும் மீட்டரையும் கழற்றி எடுத்துக்கொண்டார். டேப் சுற்றிய இடத்தை அவன் டீ சொல்லப் போன நேரத்தில் வெட்டி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அறுந்த வயரின் இரண்டு முனையையும் மறுபடி முறுக்கிச் சேர்த்துவிட்டார். வந்த டீயையும் குடித்தார்.

திரும்பும் வழியில் வளைவுக்கு வளைவு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். எடையே இல்லாத சாமான். இருந்தும் சட்டை அந்தப் பக்கம் இறங்கிக் கிடப்பது போலிருந்தது.

மறுநாள் மாதேஷ் வந்தான். ஏழு மாதம் சீக்கில் கிடந்தவன் போல இருந்தான். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"ஞாயித்துக்கிழமை நீங்க வரோணுமுங்க பாய். நீங்க மூணாம் மனுசன். மீட்டரு சரியாத்தான் இருந்துச்சுன்னு கவுண்டர் முன்னாடி ஒரு வார்த்தை. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க."

வருகிறேன் என்று வாய் சொல்லிவிட்டது. முப்பது வருடமாக வாடிக்கை கேட்டதற்கு ஆகட்டும் என்றே சொல்லிப் பழகிய வாய்.

அன்று சாயங்காலமே கலா வந்தாள். மிளகு கொண்டுவந்திருந்தாள். எப்போதும் ஜமீலாவிடம்தான் போடுவாள். ஜமீலா எடை போட்டுக்கொண்டிருக்கையில் அவள் பேசியது இடது பாதியில் ஸ்டிக்கர் வெட்டிக்கொண்டிருந்த நூர் முகமதுவின் காதில் விழுந்தது.

"கற்பூரத்தை அணைச்சுட்டா அவ்வளவுதானுங்க அக்கா. அப்புறம் எங்க ஊட்டுல இவன் கை நனைக்கக் கூடாது, இவன் ஊட்டுல நாங்க கை நனைக்கக் கூடாது. நல்லதுக்கும் இல்லை, கெட்டதுக்கும் இல்லை. எங்க சனத்துல அதை யாரும் மீற மாட்டாங்க. எனக்கு அவன் ஒருத்தன்தானுங்க."

"தம்பி தண்ணி ஊத்தியிருப்பானாம்மா?"

"அவன் பொய் சொல்ல மாட்டானுங்க." மிளகில் கிடந்த காம்பைப் பொறுக்கி எறிந்தாள். "ஆனா மீட்டரும் பொய் சொல்லாதுங்கறாங்களே அக்கா. ரெண்டுல ஒண்ணு சொல்லித்தானே இருக்கோணும்?"

நூர் முகமது வெட்டிக்கொண்டிருந்த ஸ்டிக்கர் கோணலாகப் போனது.

கலா போன பிறகு அவர் பின்கட்டுக்குப் போனார். பால் காய்ச்சும் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அடுப்பை மூட்டினார். ஒரு பாட்டரியில் மீட்டரை மாட்டி, சென்சாரை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். முள் ஏறத் தொடங்கியது. தண்ணீர் தளதளவென்று கொதித்தபோது நூறுக்குச் சற்றுக் கீழே போய் நின்றது.

"என்ன கொழம்புங்க இது?" ஜமீலா வாசலில் நின்றாள்.

"மீட்டரு கொஞ்சம் தப்பாத்தான் காட்டுது பாரு," என்றார் அவசரமாக. "கொதிக்கற தண்ணிக்கு நூறு காட்டோணும். கம்மியாக் காட்டுது."

"மலை மேல தண்ணி அந்த அளவுலயே கொதிச்சிடும். சேலத்துல வேகற பருப்பு இங்க என்னிக்கு ஒழுங்கா வெந்துச்சு?" கிட்டே வந்தாள். "மீட்டரு சரியாத்தான் இருக்குது. நீங்க எதுக்கு இப்படி வேர்த்துப் போயி நிக்கறீங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்து அந்த ரெசிஸ்டரை எடுத்து வயருக்கு நடுவில் வைத்து விரலால் அழுத்திப் பிடித்தார். முள் சரிந்து இறங்கி நடுவில் வந்து உட்கார்ந்தது. தண்ணீர் முன்போலவே கொதித்துக்கொண்டிருந்தது.

ஜமீலா பாத்திரத்தையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள்.

மாதேஷ் கேட்டான் என்றார் அவர். கூட்டம் நின்றது என்றார். சென்சார்தான் கோளாறு என்று நினைத்தேன் என்றார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"எடை கம்மியாக் காட்டுதுன்னு ஒருத்தர் என் பக்கம் வந்து அழுதா, நான் தராசைத் திருகி வெப்பேனா?"

அவர் பாட்டரியிலிருந்து மீட்டரைக் கழற்றினார்.

"அந்தப் பையன் வந்து கேட்டானே, அவனுக்கு என்ன சொன்னீங்க?"

"சென்சார் மாத்திட்டேன்னு."

அவள் சென்சாரைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுத் தண்ணீரைக் கொட்டினாள். அவள் பேசாமலிருப்பதுதான் நூர் முகமதுவுக்கு எப்போதும் தாங்காது. வெளியே தெரிந்தால் மலையில் ஓடும் வண்டியெல்லாம் கடை வாசலில் வந்து நிற்கும், எனக்கு என்ன கொசுறு வைத்தாய் என்று கேட்கும், இத்தனை வருடப் பேரும் போய்விடும் என்று அவரே பேசினார்.

"போனா மிளகு விக்கலாம். நீங்க சாக்குத் தைங்க," என்றாள் ஜமீலா. "ஞாயித்துக்கிழமை போயி உங்களுக்கு என்ன தோணுதோ சொல்லிட்டு வாங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா இந்தப் பாத்திரத்துல இனி எனக்குப் பால் காய்ச்ச வராது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சேர்வராயன் மேட்டில் காற்று ஆளைத் தள்ளியது. மேகம் தரையோடு உரசிப் போய்க்கொண்டிருந்தது, கோயில் குகை வாசல் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. செம்மநத்தத்திலிருந்து பத்திருபது பேர் வந்திருந்தார்கள். கலா ஒரு தூக்குப் போசியும் இலைக்கட்டும் கொண்டுவந்து பாறை மறைவில் வைத்திருந்தாள். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். சத்தியத்துக்கு முன்னால் கடைசியாக ஒரு வாய் என் கையால் தின்னு சாமி என்று தம்பியைக் கெஞ்சியிருக்கிறாள். முடிந்த பிறகு பார்க்கலாம் என்று அவன் சொல்லிவிட்டான். முடிந்த பிறகு பார்க்க முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

நூர் முகமது கொஞ்சம் தள்ளிச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கவுண்டர் அவரை முன்னால் வரச் சொன்னார். பூசாரி தட்டில் கற்பூரம் வைத்துப் பற்றவைக்கப் பார்த்தார். காற்றில் தீக்குச்சி நிற்கவில்லை. சுற்றி நின்றவர்கள் துண்டையும் வேட்டியையும் விரித்து மறைப்புக் கட்டினார்கள். மாதேஷும் தன் துண்டை விரித்துப் பிடித்தான். மச்சினன் அணைக்கப் போகிற தீயைத்தான் அணையாமல் அவன் காத்துக்கொண்டிருந்தான். கடைசியில் கற்பூரம் பிடித்துக்கொண்டது.

"மொதல்ல பாய் சொல்லட்டும்," என்றார் கவுண்டர். "மீட்டரு சரியா இருந்துச்சுங்களா?"

"மீட்டரு சரியா இருந்துச்சுங்க," என்றார் நூர் முகமது.

சின்னராஜ் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளங்கையை விரித்தான். கலா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கை தட்டை நெருங்கியது.

"கண்ணு, அணைக்காத."

அது தன் குரல்தானா என்று நூர் முகமதுவுக்கே நிச்சயமில்லை. சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து, தட்டில் கற்பூரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். எல்லோரும் குனிந்தார்கள். வரி போட்ட அந்தச் சின்னச் சாமானைப் பார்க்க இத்தனை பேர் குனிவது அதுதான் முதல் தடவை.

"இது என்னங்க?" என்றார் கவுண்டர்.

"கொசுறுங்க. மீட்டரு சரியா இருந்துச்சு. அதுக்குச் சேதி போற வழியில இதை நாந்தான் வெச்சேன். இது இருந்தா இன்ஜின் கொதிச்சாலும் முள்ளு நடுவுலயே நிக்கும். பையன் வந்து கேட்டான், சென்சார் மாத்திட்டேன்னு பொய் சொன்னேன். வண்டி கெட்டப்புறம் குப்பனூருக்குப் போயி யாருக்கும் தெரியாம எடுத்துட்டும் வந்தேன். இவன் தண்ணி ஊத்துனான்னு நான் நம்பறேனுங்க. இன்ஜின் வேலை என் பொறுப்பு."

துண்டு பிடித்திருந்த கைகள் அப்படியே இருந்தன. கவுண்டர் மாதேஷ் பக்கம் திரும்பினார்.

"இதை வெக்கச் சொல்லி நீ கேட்டியா?"

மாதேஷ் கற்பூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முள்ளு உக்காரோணும்னு கேட்டனுங்க," என்றான். "எப்படி உக்கார வெச்சீங்கன்னு கேக்கலைங்க."

"நான் கேட்டேன் மாமா," என்றான் சின்னராஜ். கோபமாகச் சொல்லவில்லை. "நம்பி ஓட்டுன்னாரு. அதான் நிக்காம வந்தேன்."

யாரும் அணைக்காமலே கற்பூரம் எரிந்து முடிந்தது. தட்டில் ஒரு கறுப்பு வட்டமும், அதன் ஓரத்தில் ஒரு பக்கம் கருகிய அந்த ரெசிஸ்டரும் மிச்சமிருந்தன. சத்தியம் ஆகவில்லை என்று கவுண்டர் வாய்விட்டுச் சொன்னார். சொன்னால்தான் கணக்கு. பூசாரி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்தச் சாமானை என்ன செய்வதென்று தெரியாமல் அதையும் சேர்த்தே எடுத்துப் போனார்.

கலா பாறை மறைவுக்குப் போய் இலைகளைப் போட்டாள். காற்றில் பறக்காமல் ஒவ்வொரு இலைக்கும் ஒரு கல் வைத்தாள். சின்னராஜ் போய் உட்கார்ந்தான். கொஞ்சம் இடம் விட்டு மாதேஷ் உட்கார்ந்தான். கவுண்டரும் உட்கார்ந்தார். நூர் முகமது செருப்பை மாட்டிக்கொண்டு பைக் பக்கம் நடந்தார்.

"பாய்," என்று கலா கூப்பிட்டாள். "உங்களுக்கும் எலை போட்டிருக்குதுங்க."

வேண்டாமம்மா என்று சொல்லத்தான் திரும்பினார். அவள் அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையில் அதைச் சொல்ல முடியவில்லை. வந்து உட்கார்ந்தார்.

தம்பிக்கு முதலில் வைத்தாள். பிறகு புருஷனுக்கு. மாதேஷ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், எடுத்து வாயில் வைக்கவில்லை. சின்னராஜ் அதைக் கவனித்துவிட்டு, தன் இலையிலிருந்த மொச்சையில் கொஞ்சத்தை அள்ளி மாமன் இலை ஓரத்தில் தள்ளினான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு மொச்சை பிடிக்காது. அவன் எப்போதும் செய்வதுதான். மாதேஷின் தோள் ஒருமுறை குலுங்கியது.

கலா நூர் முகமதுவின் இலைக்கு வந்தாள். குறைவில்லாமல் சோறு வைத்தாள், குழி செய்து குழம்பு ஊற்றினாள். போதும் என்று அவர் கை நீட்டி மறித்தார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு போசியில் மறுபடி அகப்பையை விட்டு இன்னும் ஒரு பிடி எடுத்து, அவர் விரல்களுக்கு மேலேயே இலையில் வைத்தாள்.

"இது கொசுறுங்க," என்றாள்.

அவர் சாப்பிட்டார். மொத்தத்தையும் சாப்பிட்டார். கடைசிப் பிடியில் மட்டும் அவருக்கு விக்கல் எடுத்தது. யாரும் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை.